டார்கெட் தவறினால்...

சேல்ஸில் இருக்கும் நண்பர்களுக்கு 'டார்கெட்' என்றாலே வயிற்றைக் கலக்கும். மாசக் கடைசியில் எட்டலைன்னா மானேஜர் கூப்பிட்டுக் காய்ச்சுவார். ரிசர்வ் வங்கிக்கும் ஒரு டார்கெட் உண்டு தெரியுமோ? 2016-ல் சட்டத்தைத் திருத்தி மத்திய அரசு வைத்தது. சில்லறை விலைவாசி வருஷத்துக்கு 4 சதவீதம் ஏறலாம். அதில் இரண்டு கூடலாம், இரண்டு குறையலாம். (இந்தச் சலுகை நம்ம சேல்ஸ் ஆசாமிக்குக் கிடையாது.)

4-ஐத் தொட்டுவிட்டால் விலை இறங்கும் என்று நினைக்காதீர்கள். மெதுவாக ஏறும், அவ்வளவுதான். அந்த வேகத்திலேயே 10 ரூபாய் டீ 18 வருஷத்தில் 20 ரூபாய் ஆகிவிடும்.

தொடர்ந்து மூன்று காலாண்டுகள் சராசரி 6-ஐத் தாண்டினால் ஃபெயில். ஏன் தவறியது, என்ன செய்யப்போகிறோம், எப்போது சரியாகும் என்று ரிசர்வ் வங்கி அரசுக்கு எழுதித் தரவேண்டும். கிட்டத்தட்ட மெமோவுக்குப் பதில்!

2022-ல் அது நடந்தேவிட்டது. ஜனவரி முதல் செப்டம்பர் வரை மூன்று காலாண்டும் அவுட். நவம்பரில் கமிட்டி கூடியது, கடிதம் போனது. அதை வெளியிடச் சட்டத்தில் வழி சொல்லவில்லை என்று டிசம்பரில் மக்களவையில் பதில் வந்தது.

அந்த ஒன்பது மாசமும் மளிகைக் கடைக்குப் போனவன் என்ற முறையில் கேட்கிறேன்: கீழே 'நகல்: பொதுமக்கள்' என்று ஒரு வரி சேர்த்திருக்கக்கூடாதா ஸார்?