பளீர் மானிட்டரும் அப்பாவின் மாநிறமும்

மறைந்த அப்பாவின் பழைய படத்தை ஸ்கேன் பண்ணி, கறையெல்லாம் நீக்கி, பிரிண்ட் போட்டு ஊருக்கு அனுப்பினேன். அம்மா போனில் கேட்டது ஒரே கேள்வி: "ஏம்ப்பா, அப்பா இவ்ளோ கறுப்பாவா இருந்தார்?"

லேப்காரர் மேல் தப்பில்லை மக்களே. என் மேசையில் இருந்த மானிட்டர்! இங்கே புனேயில் "144 ஹெர்ட்ஸ், கலர் பளீர்னு இருக்கும் சார்" என்று தலையில் கட்டிய கேம் மானிட்டர். உள்ளே டிஎன் பேனல். தலையைச் சாய்த்தால் நிறம் மாறும். அதை முழு வெளிச்சத்தில் வைத்துக்கொண்டு, முகம் வெளுத்திருக்கிறதே என்று படத்தை இருட்டாக்கிக் கொண்டே போனேன். காகிதத்துக்கு முதுகில் விளக்கு கிடையாதே!

படம் திருத்தத்தான் மானிட்டர் என்றால், 'லட்சத்துக்கு ஒன்று கான்ட்ராஸ்ட்' ஜல்லிக்கெல்லாம் மயங்காதீர்கள். கேட்க வேண்டியது மூன்றே கேள்வி. ஐபிஎஸ் பேனலா? எஸ்ஆர்ஜிபி நிறங்களை முழுசாகக் காட்டுமா? (1996ல் எச்பியும் மைக்ரோசாஃப்டும் முன்வைத்த அளவுகோல். சாதாரண பிரிண்டுக்கு இன்றைக்கும் அது போதும்.) வெளிச்சத்தை 100, 120 நிட்ஸுக்கு இறக்க முடியுமா? 4கே எல்லாம் அப்புறம். காசு மிஞ்சினால் நிறம் அளக்கும் கருவி வாங்குங்கள்.

"கண்ணுக்கு நல்லா இருந்தா போதாதா?" என்பவர்களுக்கு பேங்க்காரன் பதில்: ஓப்பனிங் பேலன்ஸே தப்பென்றால், எத்தனை தடவை கூட்டினாலும் டேலி ஆகாது.

மறுபடி பிரிண்ட் போட்டு அனுப்பிவிட்டேன். அப்பா மாநிறம். அதைக் கூட்டவோ குறைக்கவோ எந்த மானிட்டருக்கும் உரிமை இல்லை.