செல்போனிலும் உழவர் சொல் வேண்டும்

நெல்லைத் தாக்கும் ஒரு பூச்சிக்கு உழவர் இட்ட பெயர் புகையான். பூச்சி விழுந்த இடம் புகைந்து கருகியது போல் வட்ட வட்டமாகக் காயும். பெயரைக் கேட்டதுமே வயலில் எதைத் தேடுவது என்பது விளங்கிவிடுகிறது. ஆனைக்கொம்பனும் அப்படியே. தழைச்சத்து என்றால் அது எதை வளர்க்கும் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

இன்று பூச்சி எச்சரிக்கை, சந்தை விலை, விதை இருப்பு எல்லாம் வாட்ஸ்அப் வழியே வருகின்றன. அதில் உள்ள வசதிகளின் பெயர்களுக்கு இந்தக் குணம் கிடையாது. 'ஸ்டேட்டஸ்' என்பதை நிலை என்று சொன்னாலும், அந்தஸ்து என்று சொன்னாலும், அதில் போட்டது 24 மணி நேரத்தில் மறைந்துவிடும் என்பது தெரியாது. 'விதைநெல் உள்ளது' என்று திங்கள் காலை போட்டவர் புதன்கிழமையும் ஆள் வரும் என்று காத்திருப்பார். 'ஒரு நாள் பலகை' என்றால் காத்திருக்க மாட்டார்.

'பிராட்காஸ்ட்' என்ற சொல் இன்னும் ஏமாற்றும். ஊர் முழுக்கக் கேட்கும் தண்டோரா என்றுதான் நினைக்கத் தோன்றும். அனுப்புகிறவரின் எண்ணைத் தம் போனில் பதிந்து வைத்தவர்களுக்கு மட்டுமே அது போய்ச் சேரும். அலுவலர் 200 பேருக்கு மழை எச்சரிக்கை அனுப்பிவிட்டு நிம்மதியாக இருப்பார். எண்ணைப் பதியாதவர் அன்று மாலையே மருந்து தெளிப்பார்.

2023-இல் வந்த 'சேனலை' வாய்க்கால் என்றால் சிலர் சிரிக்கலாம். ஆனால் தலைமடையிலிருந்து கடைமடைக்குத்தானே தண்ணீர் போகிறது! கேட்பவர் தம் வயல் படத்தை அதில் போட முடியாது என்பதை அந்தச் சொல்லே உணர்த்திவிடும்.

பெரிய நஷ்டம் அழிப்பதில்தான். உழவர் குழுவில் ஒருவர் தவறுதலாகத் தம் வங்கிக் கணக்குப் புத்தகத்தின் படத்தைப் போட்டுவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். பதறிப்போய் 'டிலீட் ஃபார் மீ' என்பதை அழுத்துகிறார். 'எனக்காக அழி' என்பதுதானே அதன் பொருள், அவரும் தமக்காகத்தானே அழிக்கச் சொல்கிறார்! அவர் போனில் படம் மறைகிறது. மற்றவர் போன்களில் அப்படியே இருக்கிறது. அவர் கண்ணுக்குப் படமே இல்லாததால் 'டிலீட் ஃபார் எவ்ரிஒன்' என்பதையும் இனி அழுத்த வழியில்லை. 'என்னிடம் மட்டும் அழி, மற்றவரிடம் இருக்கும்' என்று எழுதினால் பொத்தான் நீளும் என்பார்கள். நீளட்டுமே.

வேளாண்மைக்குச் செயலி தயாரிப்போர், பெயர்களை முடிவு செய்யுமுன் பத்து உழவர்களிடம் காட்டி, இதை அழுத்தினால் என்ன நடக்கும் என்று கேட்க வேண்டும். வாட்ஸ்அப் மாறும் வரை, குழு நடத்தும் அலுவலர்கள் இந்தப் பெயர்களின் பொருளை ஊர்ச்சொல்லில் குரல் பதிவாகப் போட்டு வைக்கலாம்.

தவறாக அழுத்தியவருக்குச் சில விநாடிகள் 'அன்டூ' என்று திரையில் தெரியும். அதைத் தொட்டால் படம் திரும்பும், பிறகு எல்லோரிடமும் அழிக்கலாம். அதையும் தவறவிட்டால் உடனே குழு அட்மினுக்குப் போன் செய்ய வேண்டும். பிறர் போட்ட படத்தையும் எல்லோரிடமிருந்தும் அழிக்க அவரால் முடியும்.