குற்றஞ் சாட்டுபவர் வேறு, தீர்ப்பளிப்பவர் வேறு

தோட்டத் தொழிலாளி ஒருவர் ஒழுங்கு தவறினார் என்று நிர்வாகம் கருதினால் என்ன நடக்கிறது? காரணங் கேட்டுக் கடிதம் வருகிறது, விசாரணை நடக்கிறது, குற்றம் மெய்ப்பட்டால் வேலை போகிறது. முறையான விசாரணையின்றி அவரை நீக்கலாகாது என்று 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் கூறுகிறது. பால்மரம் வெட்டுபவருக்கு உள்ள இந்த விதி, நாட்டை ஆள்பவருக்கு மட்டும் வேண்டாமா?

வேண்டும் என்பதே மக்களாட்சி தரும் விடை. பதவி நீக்கக் குற்றச்சாட்டு என்பது அதன் பெயர். இதைப் பலர் தவறாகப் புரிந்து கொள்கிறார்கள். இது ஒருவரை அப்போதே விரட்டுவதன்று. அவர்மீது சட்டப்படி குற்றஞ் சாட்டுவது மட்டுமே. தீர்ப்பு அதற்குப் பின் வருவது.

தென் கொரியாவைப் பாருங்கள். அங்கு அதிபர்மீது குற்றஞ் சாட்ட, நாடாளுமன்றத்தின் 300 உறுப்பினர்களில் 200 பேர் இசைய வேண்டும். இசைந்தால் அதிபரின் அதிகாரம் நிறுத்தி வைக்கப்படும்; பதவி போய்விடாது. முடிவு சொல்வது அரசியல் சட்ட நீதிமன்றம். அதில் நீதிபதிகள் 6 பேராவது உடன்பட்டால்தான் அதிபர் நீங்குவார்.

2004-இல் அதிபர் ரோ மூ ஹியூன்மீது 193 உறுப்பினர்கள் குற்றஞ் சாட்டினார்கள். அவர் தேர்தல் சட்டத்தை மீறியது உண்மையே, ஆயினும் பதவியைப் பறிக்கும் அளவுக்கு அது பெருங்குற்றமன்று என்று நீதிமன்றம் கூறிவிட்டது. அவர் மீண்டும் நாற்காலியில் அமர்ந்தார்.

2024 டிசம்பர் 3-ஆம் நாள் இரவு, அதிபர் யூன் சுக் யோல் இராணுவச் சட்டத்தை அறிவித்தார். அரசியல் நடவடிக்கைகளுக்குத் தடை, வேலைநிறுத்தத்திற்கும் தடை! சில மணி நேரத்திற்குள் நாடாளுமன்றம் கூடி அதை நீக்கக் கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. தொழிற்சங்கங்கள் போராட்டத்தில் இறங்கின. மக்கள் கடுங்குளிரில் வீதியில் நின்றார்கள். டிசம்பர் 7-இல் ஆளுங்கட்சியினர் வெளிநடப்புச் செய்ததால் முதல் குற்றச்சாட்டுத் தீர்மானம் தோற்றது. ஒரே வாரத்தில், 14-ஆம் நாள், 204 வாக்குகளால் அது நிறைவேறியது. 2025 ஏப்ரல் 4-இல் 8 நீதிபதிகளும் ஒருமனதாக அவரைப் பதவியிலிருந்து நீக்கினார்கள். ஒருவரைக் காத்ததும் அதே முறை. மற்றொருவரை நீக்கியதும் அதே முறை.

நம் நாட்டிலோ பிரதமர் மக்களவையின் நம்பிக்கையால் பதவியில் இருப்பவர். நீதிபதியை நீக்குவதற்கு மட்டும் ஒரு நடுவர் குழு அமைக்கப்படும். 1988-இல் தலைமை நீதிபதியாக இருந்த துன் சாலே அபாஸ் இம்முறையில் நீக்கப்பட்டார். அக்குழுவின் தலைவர் யார்? அவருக்கு அடுத்த நிலையில் இருந்து, அவர் நீங்கியபின் அந்தப் பதவிக்கு வந்தவரே! இருபது ஆண்டுகள் கழித்து, 2008-இல், அரசாங்கம் அவருக்குக் கருணைத் தொகை வழங்கியது. பணம் கொடுக்கலாம்; போன நீதியைக் கொடுக்க முடியுமா?

தொழிலாளர்களாகிய நமக்கு இது புதிய பாடமன்று. தோட்ட விசாரணையில் குற்றஞ் சாட்டுவதும் நிர்வாகம், முடிவு செய்வதும் நிர்வாகம். அதனாலன்றோ வேலைநீக்கப் புகார், நிர்வாகத்தின் கையில் இல்லாத தொழில் நீதிமன்றம் வரை செல்ல 1967-ஆம் ஆண்டுச் சட்டம் வழி வைத்திருக்கிறது!

தோழர்களே! நாளை நம் கிளைச் சங்கத் தலைவர்மீதே புகார் எழலாம். அன்றும் இந்த அளவுகோலையே கையில் எடுப்போம். பதவி பெரிதென்று அஞ்சிக் குற்றத்தை மூடி மறைக்கவும் வேண்டாம். கோபம் பெரிதென்று விசாரணையின்றி விரட்டவும் வேண்டாம். புகார் கூறியவர் ஒருபுறம் நிற்கட்டும். அந்தப் பதவியை நாடாதவர் தீர்ப்புக் கூறட்டும். நாம் முதலாளியிடம் கேட்கும் நீதியை, நமக்குள்ளும் வழங்குவோம்.