ஏஞ்சலாவுக்கு முன்பே ஒரு கழகம்

அயர்லாந்துப் பெண்கள் ஆடும் கமோகி பற்றி எழுத முற்படுகிறவர்கள் 1989 இறுதிப்போட்டியைத் தொடாமல் போவது அரிது. கில்கென்னி மாவட்ட அணியின் ஏஞ்சலா டௌனியை கார்க் அணியினர் மறித்ததில் அவருடைய பாவாடை கழன்று விழுகிறது. அவரோ நிற்காமல் ஓடி கோல் போடுகிறார். நல்ல கதைதான், சொல்லச் சொல்ல மெருகேறுகிற கதை. ஆனால் அந்த ஒரு காட்சியின் வெளிச்சத்தில் ஒரு கழகத்தின் இருபதாண்டு வரலாறு மங்கிப்போனது என்பதே என் ஆதங்கம்.

ஹர்லிங்கின் பெண் வடிவம்தான் கமோகி. ஆண்களின் மட்டைக்குக் 'கமான்' என்று பெயர். பெண்களுக்காக அதைச் சற்றே சுருக்கி, 1904ஐ ஒட்டி 'கமோக்' என்றொரு சொல்லை உருவாக்கினார்கள். பெயர் சூட்டும்போதே சிறிதாக்கிவிட்டார்கள் என்று ஓர் இலக்கிய வாசகனுக்குத் தோன்றாமல் இராது.

கழகங்களுக்கான அகில அயர்லாந்துப் போட்டி 1964இல் தொடங்கியது. கில்கென்னி நகரத்தின் செயின்ட் பால்ஸ் கழகம் 1968, 1969, 1970 என மூன்றாண்டுகள் தொடர்ந்து அதை வென்றது. 1957இல் பிறந்த ஏஞ்சலா அப்போது பள்ளிச் சிறுமி. கில்கென்னி மாவட்ட அணியோ அதுவரை ஒருமுறைகூட ஓ'டஃபி கோப்பையை வென்றதில்லை. அது கைக்கு வந்தது 1974இல்தான். அதாவது மாவட்டத்துக்கு முன்பே கழகம் ஜெயித்திருக்கிறது, மேதைக்கு முன்பே குழு இருந்திருக்கிறது. நாமோ எப்போதும் தலைகீழாகவே எழுதுகிறோம்: மேதை பிறந்தாள், ஊர் உயர்ந்தது என்று.

ஏஞ்சலாவும் அவருடைய இரட்டைச் சகோதரி ஆனும் 1947இல் கில்கென்னிக்காக ஹர்லிங் பட்டம் வென்ற ஷெம் டௌனியின் மகள்கள். ரத்தத்தில் வந்த ஆட்டம் என்று எழுதுவதற்கு வசதியான வம்சாவளி. அப்பா மட்டை பிடிக்கக் கற்றுத் தரலாம். பந்தைச் சரியான நேரத்தில் தள்ளிவிடும் பதினொரு தோழிகளை அவரால் தர முடியுமா? (1999 வரை கமோகியில் அணிக்குப் 12 பேர்தான்.)

பிறகு 1974, 1976, மீண்டும் 1987 முதல் 1989 வரை என செயின்ட் பால்ஸ் மொத்தம் எட்டுப் பட்டங்களை எட்டியது. சகோதரிகள் 1994இல் லிஸ்டௌனி கழகத்துக்காகவும் அதே பட்டத்தை வென்றார்கள். அவர்கள் பெருமையில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. ஆனால் இந்தக் கழகத்தைப் பற்றி அடுத்து எழுத வருகிறவர், தயவுசெய்து, 1989இன் பாவாடையில் தொடங்காமல் 1968இன் பன்னிரண்டு பெயர்களில் தொடங்கட்டும்.