சில்லின் மேல் ஒரு வீடு

கனடாவில் வாழும் நண்பர் ஓய்வு பெற்றதும் வீட்டை விற்று, வாகன வீடொன்றிலேயே நிரந்தரமாகக் குடியேறப் போகின்றாராம். எரிபொருள், திருத்தவேலை, காப்புறுதி, தரிப்பிடக் கட்டணம் எனக் கணக்கெழுதி என் கருத்தைக் கேட்டிருந்தார்.

பழுகாமத்திலிருந்து அதனைப் படித்தபோது எமது மாவட்டத்துப் பட்டிக்காரர்களே நினைவுக்கு வந்தனர். பெரும்போகம் விதைத்துவிட்டால் ஊரில் மாடுகளுக்கு இடமில்லை. அரிசி, கருவாடு, தறப்பாள், கயிறு சகிதம் மயிலத்தமடு, பெரியமாதவணைப் பக்கம் போய்விடுவார்கள். அறுவடை முடியும்வரை வாடிதான் வீடு. பால் ஏற்றும் மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல் அடித்தபின் மிஞ்சுவதே வருமானம். இந்தக் கணக்கை அவர்கள் எவரிடமும் கேட்டுப் படித்ததில்லை.

நண்பரின் கணக்கில் விடுபட்டது ஒன்றுதான்: தரித்த இடத்திலிருந்து எழுப்பிவிட்டால்? மயிலத்தமடுவின் மேய்ச்சல் தரையைப் பிற மாவட்டத்தவர் உழுது பயிரிட்டதனால், 2023 செப்டெம்பரில் பண்ணையாளர்கள் சித்தாண்டியில் தொடர் போராட்டத்தில் அமர்ந்தனர். மேய்ச்சல் தரையென வர்த்தமானியில் அறிவியுங்கள் என்பதே அவர்களின் நீண்டகாலக் கோரிக்கை. அலைந்து வாழ்பவன்தானே என்று அதிகாரிகள் எண்ணுவதுண்டு. என்னைக் கேட்டால், அவனுக்குத்தான் காணி உறுதி முதலில் வேண்டும்.

நண்பருக்குச் சுருக்கமாகவே பதில் எழுதினேன். பனிக்காலத்தில் வண்டியை எங்கே நிறுத்துவீர் என்பதை முதலில் எழுத்தில் வாங்கும். வீட்டை இப்போதைக்கு விற்காதேயும், வாடகைக்குக் கொடும்.