கறுத்துப் போன வாழைப்பழம் குப்பைக்கா?

 

சென்ற மாதம் ஒரு வியாழக்கிழமை. மதரஸாவில் மாணவர்களுக்கு வீண்விரயத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பாடம் நடத்திவிட்டு வீடு திரும்பினேன். தண்ணீர் குடிக்கக் குசினிக்குள் நுழைந்தால், குப்பை வாளியின் மேல் ஒரு சீப்பு வாழைப்பழம் கிடக்கிறது! தோல் முழுவதும் கறுத்துப் போயிருந்தது.

அதை வாங்கி வந்தது வேறு யாருமல்ல, நானேதான். கொழும்பின் மெனிங் சந்தை 2020 நவம்பரில் புறக்கோட்டையிலிருந்து களனி கங்கைக்கு அப்பால் பேலியகொடைக்குப் போய்விட்டது. அங்கிருந்து பழம் எடுத்து வரும் வியாபாரிகள் மாலை மங்கும் நேரத்தில் எங்கள் கொட்டாஞ்சேனைத் தெருவோரத்தில் மிச்சத்தை மலிவாகக் கொடுத்துவிட்டுப் போவார்கள். மலிவைக் கண்டதும் இரண்டு சீப்பைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தேன். வீட்டில் சாப்பிடுவோர் நாலே பேர் என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

"ஏன் வீசினீங்க?" என்று மனைவியைக் கேட்டேன்.

"நாலு நாளாக் கிடக்குது. புள்ளைகள் தொடவும் மாட்டேங்குதுகள். வாங்கிட்டு வந்தவங்கதான் தின்னோணும்" என்றார். பதில் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

மகள் இன்னும் ஒரு படி மேலே போனாள். "வாப்பா, அது கள்ளு மாதிரி மணக்குது. தின்னா ஹராமில்லையா?" என்றாள். பிள்ளை கேட்ட கேள்வி சரியான கேள்வி. நான் வாளியருகே குனிந்து அந்தச் சீப்பை எடுத்து ஒவ்வொரு பழமாக முகர்ந்து பார்த்தேன். வகுப்பில் கூட இவ்வளவு கவனமாக நான் ஆராய்ந்ததில்லை!

சகோதரிகளே, வாழைக்காய் பழுக்கும்போது என்ன நடக்கிறது என்பதை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். பச்சைக் காயின் சதையில் நூற்றுக்கு ஏறத்தாழ இருபது பங்கு மாச்சத்து இருக்கும். பழுக்கப் பழுக்க அந்த மாச்சத்துச் சீனியாக மாறிக்கொண்டே வருகிறது. நன்றாகக் கனிந்த பழத்தில் மாச்சத்து ஓரிரு பங்குதான் மிஞ்சும். தோல் கறுப்பதோ தோலுக்குள் நடக்கும் மாற்றம். ஆகவே புள்ளி விழுந்து கறுத்த பழத்தைப் பலரும் கெட்டதென்று ஒதுக்கினாலும், உண்மையில் அப்போதுதான் அதன் இனிப்பு உச்சத்தில் இருக்கிறது.

அப்படியானால் எது கெட்ட பழம்? தோல் வெடித்து நீர் வடிந்தால், பூஞ்சணம் பிடித்திருந்தால், சதையில் நுரை கட்டியிருந்தால், மூக்கைச் சுளிக்க வைக்கும் புளித்த வாடை வீசினால் அது கெட்டது. அதைச் சமையலுக்கு எடுக்கக் கூடாது. அன்று அந்தச் சீப்பில் அப்படிப்பட்டவை மூன்று இருந்தன. மற்ற ஒன்பதும் தேன்போல் இருந்தன. அந்த மூன்றுக்காகத்தான் ஒன்பதையும் வீசியிருந்தோம்.

மகளுக்கு நான் சொன்ன பதில் இதுதான். பழுத்த எந்தப் பழத்திலும் மிக நுண்ணிய அளவில் மதுசாரம் இயற்கையாகவே உண்டாகும். அதனால் பழம் ஹராமாவதில்லை. போதை தருவதே தடுக்கப்பட்டது. நபி (ஸல்) அவர்களுக்காகப் பழத்தை நீரில் ஊறவைத்து 'நபீத்' என்ற பானம் தயாரிக்கப்படும். அதை மூன்றாம் நாள் வரை அருந்துவார்கள், அதன் பின்னும் மிஞ்சியிருந்தால் ஊற்றிவிடச் செய்வார்கள் என்ற கருத்தில் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பு ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. அதில் நமக்கு இரண்டு பாடங்கள் உண்டு. இனித்திருக்கும் வரை வீணாக்காதே. புளித்துப் பொங்கத் தொடங்கினால் ஆசைப்படாதே. பிசைந்த பழத்தைக் கொழும்பு வெக்கையில் நாள்கணக்கில் மூடி வைத்துவிட்டுப் பிறகு எடுத்துச் சமைப்பது கூடாது என்பதும் இதிலேயே அடங்கிவிடும்.

சரி, அந்த ஒன்பது பழத்தை என்ன செய்வது? என் மனைவிக்கு உடனே நினைவு வந்தது எங்கள் தெருவிலுள்ள ஒரு தாத்தா. கணவர் மவுத்தாகி அவர் இத்தாவில் இருந்தது 2022இல். நாடு எப்படியிருந்தது என்பதை நான் சொல்லவா வேண்டும்? அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பில் உணவுப் பொருட்களின் விலை முந்தைய வருடத்தை விட 94.9 சதவீதம் ஏறியிருந்தது. 2021 ஒக்டோபருக்கு முன் 1,493 ரூபாவாக இருந்த 12.5 கிலோ கேஸ் சிலிண்டர் 2022 ஏப்ரலில் 4,860 ரூபாவானது. அந்த விலைக்கும் வரிசையில் நின்றுதான் வாங்க வேண்டியிருந்தது.

அவருடைய பதினாலு வயது மகன் ஒருநாள் என்னிடம் வந்து, "ஹஸ்ரத், உம்மா இத்தாவுல இருக்கிற நேரம் வீட்டுக்குள்ளேயே கேக் செஞ்சா, நான் கொண்டுபோய் விக்கலாமா?" என்று கேட்டான். வீட்டுக்குள் இருந்து ஹலாலாக உழைப்பதை இத்தா தடுக்காது, தாராளமாகச் செய்யட்டும் என்றேன். பழக்கடையில் கறுத்த பழத்தைக் கிட்டத்தட்ட சும்மாவே கொடுத்தார்கள். கேஸ் இல்லாததால் சிரட்டைத் தணலில் சுட்டார். துண்டு துண்டாக வெட்டி, மேலே சீனிப் பூச்சு ஊற்றி, மகன் கையில் தேநீர்க் கடைகளுக்கு அனுப்பினார்.

முதல் தட்டு திரும்பி வந்தது. சூட்டோடு பூச்சை ஊற்றியதில் அது கேக்கினுள் இறங்கிச் சேறாகிவிட்டிருந்தது. அன்று அவர் அழுததாக என் மனைவி சொன்னார். மறுநாள் ஆறவிட்டு ஊற்றினார். தட்டு காலியாகி வந்தது. கஷ்ட காலத்தில் பெண்களின் கை இப்படித்தான் வழி கண்டிருக்கிறது. அமெரிக்காவில் 1930களில் பொருளாதாரம் படுத்துவிட்ட நாட்களில்தான், கனிந்த வாழைப்பழத்தை மாவில் பிசைந்து பேக்கிங் பவுடர் சேர்த்துச் சுடும் முறை அங்குள்ள வீடுகளில் பரவியது.

அந்தத் தாத்தாவிடம் கேட்டு எழுதிய அளவு இது. ஒன்பது அங்குலச் சதுரத் தட்டு ஒன்றுக்குப் போதும்.

கனிந்த பழத்தின் சதை 350 கிராம். ஆனமாலு என்றால் மூன்று, அம்புல் என்றால் ஆறேழு வரும். கோதுமை மா 250 கிராம். சீனி 150 கிராம். பட்டர் அல்லது மாஜரின் 125 கிராம். முட்டை இரண்டு. பேக்கிங் பவுடர் ஒன்றரைத் தேக்கரண்டி, அப்பச்சோடா அரைத் தேக்கரண்டி, உப்புக் கால் தேக்கரண்டி. கறுவாத்தூள் அரைத் தேக்கரண்டி, ஏலக்காய் இரண்டு. மேல் பூச்சுக்கு ஐசிங் சீனி 100 கிராம், தேசிக்காய்ச் சாறு ஒன்றரை மேசைக்கரண்டி.

மா, பேக்கிங் பவுடர், அப்பச்சோடா, உப்பு, கறுவா, ஏலம் எல்லாவற்றையும் ஒன்றாகச் சலித்து வையுங்கள். பழத்தை முள்ளுக்கரண்டியால் மசியுங்கள். கூழாக அரைக்க வேண்டாம், சிறு கட்டிகள் இருந்தால் வாயில் பழம் தெரியும். பட்டரை உருக்கி, சூடு தணிந்ததும் சீனி, முட்டை, பழம் என்ற வரிசையில் சேர்த்துக் கலக்குங்கள். கடைசியில் மாவைப் போட்டு, வெள்ளை மறையும் வரை மட்டும் கிளறுங்கள். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். அடித்து அடித்துக் கலக்கினால் மாவில் இழுவை ஏறி கேக் ரொட்டிபோல் இறுகிவிடும்.

பட்டர் பூசித் தாள் விரித்த தட்டில் ஊற்றி, முன்பே சூடாக்கிய ஓவனில் 180 பாகை செல்சியஸில் 30 முதல் 35 நிமிடம் வையுங்கள். ஈர்க்குச்சியை நடுவில் குத்தி எடுத்தால் மா ஒட்டாமல் வர வேண்டும். ஓவன் இல்லையென்று எந்தச் சகோதரியும் மனம் தளர வேண்டாம். கனமான பெரிய சட்டியில் மணல் பரப்பி, தாங்கி ஒன்றை வைத்து, மூடியுடன் பத்து நிமிடம் சூடாக்கி, அதற்குள் தட்டை இறக்கிச் சிறு தீயில் முக்கால் மணி நேரம் விட்டால் வெந்துவிடும். தணலில் சுடுவதானால் கீழே கொஞ்சம், மூடியின் மேல் அதிகம் என்று தணல் போட வேண்டும். நம் உம்மம்மாக்கள் செய்த வழிதான் அது.

தட்டை வெளியே எடுத்ததும் அவசரப்படாதீர்கள். குறைந்தது ஒரு மணி நேரம் ஆறட்டும். ஐசிங் சீனியில் தேசிக்காய்ச் சாற்றைச் சிறிது சிறிதாக விட்டுக் குழையுங்கள். கரண்டியிலிருந்து நாடாபோல் தடித்து விழுந்தால் பதம் சரி. நீர்த்துவிட்டால் இன்னும் சிறிது ஐசிங் சீனி சேருங்கள். ஆறிய கேக்கின் மேல் ஊற்றிப் பரப்பி, பூச்சு காய்ந்தபின் ஈரத்துணியால் துடைத்த கத்தியால் நாலுக்கு ஐந்தாக வெட்டுங்கள். இருபது துண்டு கிடைக்கும். ஐசிங் சீனி இல்லாவிட்டால் மூன்று மேசைக்கரண்டி கித்துள் பாணியில் ஒரு மேசைக்கரண்டி பட்டரை இளஞ்சூட்டில் உருக்கித் தடவலாம். அதன் சுவையே தனி.

சீனி விடயத்தில் ஒரு வார்த்தை. மேலே சொன்ன அளவில் ஒரு துண்டுக்குச் சேரும் சீனி பன்னிரண்டு கிராமுக்குச் சற்று மேல், அதாவது மூன்று தேக்கரண்டி. பூச்சில்லாவிட்டால் இரண்டுக்கும் குறைவு. நம் நாட்டில் வயது வந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்காவது நீரிழிவு இருக்கிறது. ஆகவே தட்டில் ஒரு பக்கத்தைப் பூச்சில்லாமல் விட்டு வையுங்கள். வீட்டில் நீரிழிவுள்ள பெரியவர்களுக்கு அதிலிருந்தே ஒரு சிறு துண்டு கொடுங்கள். பழத்திலும் சீனி உண்டென்பதை அவர்களுக்குச் சொல்லுங்கள்.

அடுத்து, வனிலா எஸன்ஸைப் பற்றிப் பல சகோதரிகள் கேட்கிறார்கள். அமெரிக்கச் சட்டப்படி அசல் வனிலாச் சாற்றில் குறைந்தது 35 சதவீதம் மதுசாரம் இருக்கும். செயற்கை எஸன்ஸ் பலவற்றில் மதுசாரத்துக்குப் பதிலாக வேறு திரவம் சேர்க்கிறார்கள். மது தயாரிப்பிலிருந்து வராத மதுசாரம், போதை தராமல், உணவில் 0.5 சதவீதத்தைத் தாண்டாமல் இருந்தால் ஆகும் என்று மலேசியாவின் பத்வாக் குழு 2011இல் முடிவு சொன்னது. வேறு கருத்துள்ள உலமாக்களும் உண்டு. ஆனால் உலகமே தேடி வரும் கறுவா நம் மண்ணிலேயே விளையும்போது, இந்தக் கேக்குக்கு எஸன்ஸும் சர்ச்சையும் எதற்கு? மாஜரின் பெட்டியையும் திருப்பிப் பாருங்கள். ஈ471 என்ற பொருள் தாவரத்திலிருந்தும் வரலாம், மிருகக் கொழுப்பிலிருந்தும் வரலாம். ஜம்இய்யத்துல் உலமா முன்பு வழங்கிய ஹலால் சான்றிதழை 2014 முதல் தனி அமைப்பொன்று வழங்குகிறது. 2013 சர்ச்சைக்குப் பிறகு எல்லாப் பெட்டியிலும் இலச்சினையை எதிர்பார்க்க முடியாது. வாசித்து வாங்கும் பொறுப்பு நம்முடையது.

அன்று எங்கள் வீட்டில் இருபது துண்டு வந்தது. குழம்பு காய்ச்சினால் தண்ணீரைக் கூட்டியாவது அண்டை வீட்டாரைக் கவனியுங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் அபூதர் (ரலி) அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்ததை மகளுக்கு நினைவூட்டினேன். எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு தமிழ்க் குடும்பம், எதிரே ஒரு கத்தோலிக்கக் குடும்பம். இருவர் வீட்டுக்கும் நாலு நாலு துண்டு போனது. "மெளலவி வீட்டுல என்ன விசேஷம்?" என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டாராம். விசேஷம் ஒன்றுமில்லை, குப்பை வாளிக்குப் போன பழம் என்று மகள் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டு வந்துவிட்டாள்! அவர் சிரித்துவிட்டு, தங்கள் வீட்டில் கனிந்து கிடந்த அரைச் சீப்பை அதே பீங்கானில் வைத்து அனுப்பினார்.

நம் நாட்டில் விளையும் பழம், மரக்கறியில் 30 முதல் 40 சதவீதம் அறுவடைக்குப் பின் வீணாவதாகச் சொல்கிறார்கள். சந்தையையும் லொறியையும் நாம் திருத்த முடியாது. நம் குசினியிலுள்ள வாளி நம் கையில் இருக்கிறது. பழம் கனிந்துவிட்டது, இன்று சுட நேரமில்லை என்றால் தோலை உரித்து மசித்துப் பெட்டியில் இட்டு உறைபெட்டியில் வையுங்கள்; ஓரிரு மாதம் கெடாது. ஆண்களுக்கும் ஒரு சொல்: மலிவென்று அள்ளி வருவதற்கு முன் வீட்டில் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். இதை முதலில் எனக்கே சொல்லிக்கொள்கிறேன்.

வல்ல அல்லாஹ் நம் வீட்டு உணவில் பரக்கத் செய்வானாக! அவன் தந்ததை வீணாக்காத கூட்டத்தில் நம்மைச் சேர்ப்பானாக! ஆமீன்.