அழுதவரும் அரங்கேற்றியவரும்

1997 பெப்ரவரி 7ஆந் திகதி, லாஸ் வேகஸ் நகரில், அதிபாரப் பிரிவு உலகப் பட்டத்துக்கான குத்துச்சண்டையின் நடுவே ஒலிவர் மக்கோல் கைகளைத் தாழ்த்திவிட்டு அழுதார். ஐந்தாஞ் சுற்றில் நடுவர் சண்டையை நிறுத்தினார். கோழை என்றும் பித்தர் என்றும் அவரை எள்ளினோர் பலர். அவரை அன்று அரங்கேற்றியவர் யாவர் என்று வினவியோர் சிலரே.

எதிரே நின்ற லெனொக்ஸ் லூயிஸை 1994இல் இலண்டனில் இரண்டாஞ் சுற்றிலேயே வீழ்த்திப் பட்டம் வென்றவர் மக்கோல். மறு ஆண்டே அதனை இழந்தார். போதைப்பழக்கம் 1996இல் அவரைப் பொலிஸ் காவலுக்கும் சிகிச்சைக்கும் இட்டுச்சென்றது. டிசம்பரில் ஹோட்டலொன்றில் நத்தார் மரத்தைத் தூக்கியெறிந்து மீண்டுங் கைதானார். இவை யாவும் ஊரறிந்த செய்திகள். ஆயினும் இரு மாதங்கள் கழியுமுன் சண்டை நடந்தேறியது!

ஒப்பந்தத்திற் கையொப்பமிட்டவர் அவரன்றோ என வாதிப்பாருமுளர். நோயின் பிடியிலிருப்பவனது கையொப்பத்தைச் சுதந்திர விருப்பெனக் கொள்வது வணிகர்க்கு வசதியான தத்துவம். உடலிற் போதையில்லை என்பது உள்ளம் நலமுற்றதற்குச் சான்றாகாது என்பதை மருத்துவ மாணவர் எவரும் அறிவர். சண்டைக்கு அனுமதியளித்த நெவாடா மாநில ஆணைக்குழுவே பின்னர் அவருக்கு 250,000 டொலர் தண்டமும் ஓராண்டுத் தடையும் விதித்தது. அனுமதியளித்த குற்றத்துக்கு அது தனக்கு விதித்துக்கொண்ட தண்டம் யாது?